விளக்கை மட்டும் நம்பு

ராமசுப்பு,

இந்தக் கடிதத்தை நீ தனியாக உட்கார்ந்து படிக்காதே. உன்னோடு வாத்தியம் வாசிக்கிற மூன்று பேரையும் அந்த மாடி அறையில் உட்காரவைத்து, காற்றாடியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு உரக்கப் படி. உங்கள் வாசிப்புக்கு அத்தனை மரியாதை உண்டென்றால் என் எழுத்துக்கும் கொஞ்சம் உண்டு. நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் அருப்புக்கோட்டை வட்டாரத்தில் சத்தம் என்றால் என்னவென்று ஜனங்களுக்குக் காட்டியவன் நான். பாளையம்பட்டி முக்கில் நம் மைக் செட்டுக் கடை ஓகோவென்று நடந்த காலத்தில், வேப்பமரத்து உச்சியில் நான் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் திருச்சுழிக் கோயிலில் மணியடிக்கிறவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார். கல்யாண வீட்டுக்காரர்கள் முதலில் என் கடைக்கு வந்து நான் எந்த நாளில் சும்மா இருக்கிறேன் என்று கேட்பார்கள், அதற்குப் பிறகுதான் முகூர்த்தம் பார்க்கப் போவார்கள். ஒருமுறை கலெக்டர் என் மைக்கில் பேசி முடித்துவிட்டு, “என் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே தெரியாது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அது கலெக்டர் இல்லை, தாசில்தார் என்பாள் உன் சித்தி. எதையும் சின்னதாக்கிப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

உன் கார்டு வந்தது. நான் எழுதிய விஷயத்தை நீ நம்பவில்லை. “சித்தப்பா, கிணற்றில் விளக்கு அணைந்த கதை பிரமாதம். பகலில் நட்சத்திரம் காட்டியவர் இப்போது பகலில் விளக்கையும் அணைத்துக் காட்டுகிறீர்கள். சித்திரைக்குள் காற்றில்லாத ஒரு மத்தியானமாகப் பார்த்து நாங்கள் நால்வரும் வருகிறோம். முதலில் வீட்டுக்கு வரமாட்டோம். ரெட்டியபட்டி விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மாமா கிணற்றுக்குப் போய், உள்ளே இறங்கி வாசித்து, டேப்பில் பதிவு செய்துகொண்ட பிறகுதான் வீடு. முன்னாலேயே சொன்னால் நீங்கள் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள் என்ற பயம்” என்று எழுதியிருக்கிறாய். எந்த நாள் என்றுகூட எழுதவில்லை. இதை நான் சித்தியிடம் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்த கையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள். “நீங்க அளந்து அளந்து அவனப் பழக்கிவச்சிருக்கீக. இப்ப நெசத்தச் சொன்னாலும் இதையும் ஒரு படி கூடுதலா அளக்குறீகன்னுதான் நெனப்பான். புள்ள எறங்கப்போறான். எப்படிச் சொன்னா நம்புவானோ அப்படிச் சொல்லுங்க.”

எப்படிச் சொன்னால் நம்புவாய் என்று எனக்குத் தெரியவில்லை, அய்யா. ஆயிரம் பேர் கூட்டத்தை ஒரு ‘ஹலோ மைக் டெஸ்டிங்’கில் அடக்கியவனுக்கு உன் ஒருத்தனிடம் எப்படிப் பேசுவது என்று புரியவில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் நான் கொஞ்சம் பூசி எழுதினால் பொறுத்துக்கொள். கை அப்படியே பழகிவிட்டது. பூசாத இடம் வரும்போது உனக்கே தெரியும்.

உன் அப்பா, என் அண்ணன், நீ தவழ்கிற வயதில் காய்ச்சலில் போனார். அடுத்த மாசியில் உன் அம்மாவும் போனாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை, உனக்குப் பெற்றவர்கள் இல்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தேன். ஆம்ப்ளிஃபயர் வைத்த பலகைக்கு மேலேதான் உனக்குத் தொட்டில். அது உறுமிக்கொண்டிருந்தால் தூங்குவாய், நிறுத்தினால் வீறிட்டு அழுவாய். மற்ற பிள்ளைகளுக்குத் தாலாட்டு, உனக்குக் கரண்டு. கொஞ்சம் வளர்ந்ததும் திருவிழாக்களுக்கு உன்னையும் கூட்டிப்போவேன். பாட்டு ஓடும்போது நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். பாட்டு முடிந்து, ஊசி ரிக்கார்டின் கடைசி வளையத்தில் மாட்டிக்கொண்டு கர்ர்… டப்… கர்ர்… டப் என்று தேயும்போதுதான் ஓடி வருவாய். “ஊசிய எடுக்காதீக சித்தப்பா. இப்பத்தான் நல்லாயிருக்கு” என்று என் கையைப் பிடித்துக்கொள்வாய். கூட்டத்திலிருந்து எவனாவது கத்துவான், “ஏலே, ரிக்கார்டு செத்துப்போச்சு, மாத்துங்கடா!” நான் மாற்ற மாட்டேன். உனக்காக ஊரையே அந்தக் கர்ர்ரைக் கேட்கவைத்திருக்கிறேன். இன்றைக்கு மெட்ராஸில் வேட்டி மடிப்புக் கலையாத பெரிய மனிதர்கள் உட்கார்ந்து உன் இசையைப் புதுமை என்கிறார்கள். அந்தப் புதுமை பாளையம்பட்டி முக்கில் என் ஊசி தேய்ந்து பிறந்தது. இதை நீ மேடையில் சொல்லலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

சந்திரனில் மனிதன் கால் வைத்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். ரேடியோவை மைக்குக்கு முன்னால் வைத்து, சந்திரனிலிருந்து வருகிற சத்தத்தைத் தெருவுக்கே கேட்கவைக்கிறேன் என்று அறிவித்தேன். கடை முன்னால் நிற்க இடமில்லை. பஸ்ஸே ஒதுங்கி நின்றது. குழாயிலிருந்து உஸ்ஸ் என்று ஓர் இரைச்சல் மட்டும் வந்தது. விடுவேனா? “இதுதான் சந்திரனில் அடிக்கிற காற்று!” என்றேன். அன்றைக்குப் பருத்தி விற்க வந்திருந்த சங்கரலிங்கம், உன் சித்தியின் அண்ணன், கூட்டத்துக்கு நடுவே நின்று சொன்னார்: “மாப்ள, சந்திரன்ல காத்தே கெடையாதுன்னு வாத்தியாரு சொல்றாரு. ஒங்க பேட்டரிக்குத் தண்ணி ஊத்துங்க.” தெருவே சிரித்தது. அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது நீ கேட்டாய்: “காத்து இல்லாத எடத்துல கத்துனா என்ன ஆகும் சித்தப்பா?” எனக்கென்ன தெரியும்? தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. “கத்துனவனே அத முழுங்க வேண்டியதுதான்” என்றேன். நீ சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு யோசித்தாய். விளையாட்டாகச் சொன்ன அந்தப் பேச்சு இந்தப் பங்குனியிலிருந்து என் நெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இனி கிணறு. நீ சின்னவனாக இருந்தபோது ஒரு மழையில்லாத வருஷம். சங்கரலிங்கம் மச்சான் ரெட்டியபட்டியில் தன் கிணற்றை ஆழப்படுத்தினார். கரிசல் முடிந்து பாறை வந்துவிட்டது. வேலைக்காரர்களுக்குக் களைப்புத் தெரியாமலிருக்க நான் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டேன். என் பாட்டுக்குப் பாறை இளகியது என்று கடப்பாரை பிடித்தவர்களே சொன்னார்கள். உச்சிப்பொழுதில் அவர்கள் கஞ்சி குடிக்க மேலே ஏறிய நேரம் நான் கீழே இறங்கித் துண்டை விரித்துப் படுத்தேன். குளிர்ச்சி. சத்தமே இல்லை. வானம் சதுரமாக, ஒரு கைக்குட்டை அளவுக்கு. அதன் நடுவே ஒரு நட்சத்திரம். பட்டப்பகலில், பளிச்சென்று. மேலே வந்து சொன்னேன். மச்சான், “பசி மயக்கம் மாப்ள, கஞ்சியக் குடிங்க” என்றார். உன் சித்தி, “வெயிலுக்குக் கண்ணு கட்டியிருக்கும்” என்றாள். நீ மட்டும் நம்பினாய். ஊரில் என்னை மிச்சமில்லாமல் நம்பிய ஒரே ஆள் நீதான். அதனால்தானோ என்னவோ, நட்சத்திரம் பெருகியது. டீக்கடையில் அது மூன்றானது. திருச்சுழித் திருவிழாவில் ஐந்து.

அதன்பிறகு ரெட்டியபட்டிக்குப் போனாலே நீ கிணற்று மேட்டில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்து உன் பெயரைச் சொல்வாய். “ராமசுப்பு!” கிணறு கொஞ்சம் யோசித்துவிட்டு “சுப்பு” என்று மட்டும் திருப்பித் தரும். நீ சிரிக்க மாட்டாய். “கெணத்துக்குள்ள ஒருத்தன் இருக்கான் சித்தப்பா. எம்பேருல பாதி அவனோடது” என்பாய். உன் சித்தி உன்னை இழுத்துக்கொண்டு வந்து நெற்றியில் திருநீறு பூசுவாள். எனக்கோ பெருமை. சத்தத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள உறவை இந்த வயதில் பிடித்துவிட்டானே, இவன் என் பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்னேன். பாளையம்பட்டியில் நாடகத்துக்கு வாசிக்க வந்தவரிடம் நீ வயலின் தொட்டதும், அவர் சொல்லிக்கொடுத்ததை விட்டுவிட்டு ஒரே நரம்பை ஒரு பொழுது முழுக்க இழுத்துக்கொண்டிருந்ததும், “பையனுக்குக் கை வருது, மனசுதான் எங்கயோ போகுது” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டதும் உனக்குத் தெரியாததா? மனசு எங்கே போனதென்று எனக்குத் தெரியும். அந்தக் கிணற்றுக்குத்தான் போனது.

போன ஐப்பசியில் நீ கூப்பிட்டதால் மெட்ராஸுக்கு வந்தேன். கச்சேரி என்றாயே, மேடை எங்கே, குழாய் எங்கே என்று தேடினேன். ஒரு வீட்டு மாடியில் ஒரு கூடம். முப்பது நாற்பது பேர் ஜமுக்காளத்தில். நீங்கள் நாலு பேரும் நாலு மூலையில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தீர்கள். நீ வயலினோடு. அந்த ஆல்பர்ட் என்ற பெரியவர் முழங்காலுக்கு நடுவே ஆள் உயர வயலினை நிறுத்திக்கொண்டு. கண்ணாடி போட்ட பெண் வெங்கலக் கிண்ணங்களோடு. நாலாவது ஆள் மிருதங்கத்தை அடிக்காமல் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டேயிருந்தார். கிண்ணத்து விளிம்பை அந்தப் பெண் தடவியதும் ஊம்ம் என்று ஒன்று கிளம்பியது. எனக்குக் கை சும்மா இருக்குமா? “எர்த் சரியில்லை தம்பி, ஒயரைப் பாருங்க” என்று எழுந்துவிட்டேன். பக்கத்திலிருந்தவர் என் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தார். “பெரியவரே, இங்கே ஒயரே கிடையாது.”

அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அரைமணி நேரம் திறக்கவில்லை. ராகம் இல்லை, தாளம் இல்லை. ஒரு மூலையில் ஒரு சத்தம் பிறந்து, கூடத்தைக் கடந்து, இன்னொரு மூலையில் போய்ச் சாகிறது. தூரம் என்பது காதுக்குத் தெரிந்தது. நான் இத்தனை வருஷம் சத்தத்தைப் பெரிதாக்கியவன். நீ இடத்தைப் பெரிதாக்கினாய். கூடத்துக்குச் சுவர் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்து, கையை நீட்டித் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஆல்பர்ட் ஐயாவின் அடிநரம்பு இறங்கிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றது. நாலு பேரும் வில்லையும் கையையும் எடுத்துவிட்டீர்கள். யாரும் வாசிக்கவில்லை. ஆனால் இசை முடியவும் இல்லை. எதற்கோ காத்திருந்தீர்கள். அந்த இடைவெளியில் எனக்கு வேர்த்துவிட்டது. கிணற்றுக்கடியில் படுத்திருந்த அந்த உச்சிப்பொழுது திரும்பி வந்தது. நட்சத்திரம் வரவில்லை. குளிர் மட்டும் வந்தது.

முடிந்ததும் நீ எழுந்து சொன்னாய்: “இந்த இசைக்குப் பெயர் ‘பகல் நட்சத்திரம்’. கிணற்றின் அடியிலிருந்து எங்கள் சித்தப்பா பார்த்தது. நாங்கள் நிறுத்திய இடத்தில் ஐந்தாவது வாத்தியம் வாசிக்க வேண்டும். அந்த வாத்தியம் ஊரில் இருக்கிறது. அந்தக் கிணறுதான்.” எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். எழுந்து கும்பிட்டேன். அந்தக் கைதட்டலில் நட்சத்திரம் ஏழாகிவிட்டது. எப்படித் தெரிந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, எது சிவப்பு, எது வெள்ளை என்று அரைமணி நேரம் சொன்னேன். கண்ணாடி போட்ட பெண் கண் கொட்டாமல் கேட்டாள். “அங்கேயே இறங்கி வாசிக்க வேண்டும் சார்” என்றாள். “தாராளமா வாங்கம்மா, நம்ம கெணறுதான்” என்று சொன்னவன் நான்தான்.

ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். கைதட்டல் கேட்கிற இடத்தில் எந்த ஏற்பாட்டுக்கும் வாக்குக் கொடுக்காதே. ஒருத்தன் தனக்கென்று இறங்குகிற பள்ளம் வேறு, நாலு பேரை அழைத்துக்கொண்டு இறங்குகிற பள்ளம் வேறு. ஆல்பர்ட் ஐயாவுக்கு என் வயதிருக்கும். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் காத்திருக்கிறவர்கள் இருப்பார்கள். நீ முன்னால் இறங்கினால் அவர்கள் பின்னால் இறங்குவார்கள். உன் இசையில் யார் முதலில் நிறுத்த வேண்டும் என்று நீதானே சொல்கிறாய்? இதிலும் நீதான் சொல்ல வேண்டும்.

இந்த இடத்திலிருந்து நான் பூசி எழுதவில்லை.

இரண்டு வருஷமாக மழை பொய்த்துவிட்டது. மச்சான் கிணறு அடிவரை காய்ந்தது. போன வருஷம் பருத்தி எடுத்து முடித்ததும், எரிக்கிறதற்கு மிஞ்சிய காய்ந்த செடிகளை, பருத்திமாரையெல்லாம் அந்தக் கிணற்றில் தள்ளிவிட்டார். தண்ணீர் இல்லாத கிணறுதானே என்ற அலட்சியம். மார்கழியில் ஒரு மழை, அதுவும் ஒரே மழை, அந்தக் குவியலை நனைத்துவிட்டுப் போனது. அப்புறம் வெயில். அது உள்ளேயே கிடந்து புழுங்கி அழுகுகிறது. முதலில் புறாக்கள் போயின. உனக்குத் தெரியும், அந்தக் கிணற்றுப் பொந்துகளில் எப்போதும் புறா இருக்கும். கல்லெறிந்தால் படபடவென்று கிளம்பும். தையிலிருந்து ஒன்றுகூட இல்லை. கழுகு பார்த்திருக்கும் என்று மச்சான் சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

பங்குனியில் நீங்கள் இறங்குவதற்கு வடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் ரெட்டியபட்டிக்குப் போனேன். மத்தியானம். மேய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளாட்டுக்குட்டி கிணற்று மேட்டில் துள்ளி, கால் சறுக்கி உள்ளே விழுந்தது. மார்க் குவியல் மெத்தைபோல இருந்ததால் அதற்கு அடிபடவில்லை. எழுந்து நின்று உதறிக்கொண்டு எங்களைப் பார்த்து ஒரு தடவை கத்தியது. ஆட்டுக்காரர் சிரித்தார், “கழுத, தப்பிச்சிருச்சு” என்று. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படிக்கல்லில் கால் வைத்தார். நான் குட்டியைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். அது முன்னங்காலை மடித்தது. பின்னங்காலை மடித்தது. தூங்கப்போகிற மாதிரித் தலையைச் சாய்த்துக்கொண்டது. கத்தவில்லை. உதைத்துக்கொள்ளவில்லை. “மச்சான், ஏறுங்க!” என்று அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். “விடுங்க மாப்ள, வெளையாடாதீக” என்று திட்டினார். நான் விளையாடுகிறேன் என்றுதான் அவரும் நினைத்தார்.

மோட்டார் ரூமிலிருந்து அரிக்கேன் விளக்கை எடுத்து ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்கினேன். தூர்ந்த கிணற்றில் ஆள் இறங்குவதற்கு முன்னால் நம் பக்கம் எல்லோரும் செய்கிற வழக்கம்தான். பாதிக் கிணறு தாண்டியதும் சுடர் சிவந்து சின்னதாகியது. அப்புறம் இல்லை. “காத்துல அணைஞ்சிருக்கும்” என்றார் மச்சான். “உள்ள காத்து இருந்தா குட்டி ஏன் படுக்குது?” என்றேன். மேலே இழுத்துப் பார்த்தோம். எண்ணெய் இருக்கிறது, கண்ணாடி முழுசாக இருக்கிறது. மறுபடி ஏற்றி இறக்கினோம். அதே படிக்கல்லுக்கு நேராகப் போய் அணைந்தது. கெட்ட காற்று கலையட்டும் என்று இலையோடு வேப்பங்கொப்பைக் கட்டி உள்ளே விட்டு மேலும் கீழும் அடித்தோம். மறுநாள் போய் விளக்கை இறக்கினோம். அதே கல்தான். மாரை அள்ளிப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். அள்ளுவதற்கு ஓர் ஆள் இறங்க வேண்டுமே, அந்த ஆள் யார்? குட்டி இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

இதைத்தான் உனக்கு எழுதினேன். நீ பிரமாதமான கதை என்றாய்.

மச்சான் பிழைப்புக்குச் சிவகாசிப் பக்கம் போய்விட்டார். கிணற்றுக்குக் காவல் இல்லை. நீ எந்த மத்தியானம் வருவாய் என்று தெரியாது. அதனால் நீ எதற்குப் பயந்தாயோ அதைச் செய்துவிட்டேன். பழைய செட்டையும் ஒரு குழாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் கிணற்றடி வேப்பமரத்தில் கட்டிவிட்டேன். தினமும் பேட்டரியோடு பஸ் ஏறி ரெட்டியபட்டி விலக்கில் இறங்கி, உச்சிப்பொழுது சாய்கிறவரைக்கும் கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறேன். கண்டக்டர் கேட்கிறான், “என்ன பெருசு, கெணத்துக்குக் காதுகுத்தா?” “பெரிய விசேசம்டா, தள்ளிப் போயிருக்கு” என்று சொல்லிவைத்திருக்கிறேன். விலக்கில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் மைக்கைப் பிடிப்பேன். “ராமசுப்பு, இறங்காதே.” அவ்வளவுதான். வேறெதுவும் சேர்ப்பதில்லை. நேற்று முன்தினம் யாரோ ஒரு பெரியம்மா பயந்துபோய்ப் பஸ்ஸிலேயே மறுபடி ஏறிக்கொண்டாள். ஆனால் எனக்கும் ஒரு நாள் முழங்கால் பிடிக்கும், ஒரு நாள் பஸ் வராது, ஒரு நாள் பேட்டரி இறங்கும். அந்த ஒரு நாளாக நீ வருகிற நாள் அமைந்துவிட்டால்?

இன்னொன்றும் இருக்கிறது. விளக்கு அணைந்த அன்றைக்கே கிணற்றைப் பார்த்து உன் பெயரைக் கூப்பிட்டேன். திரும்பி வரவில்லை. என் வலது காது மந்தமாகிவிட்டது உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் குழாய்க்குக் கீழே நின்ற காது. என் காது கோளாறு என்று நீ சொல்வாய். அதனால் நேற்று உன் சித்தியை அழைத்துக்கொண்டு போனேன். அந்தக் கிணற்றைக் கண்டாலே பிடிக்காதவள், கூடவே கிளம்பி வந்தாள். நான் மைக்கை அணைத்துவிட்டேன். அவள் குனிந்து, நீ சாப்பிட வராதபோது தெருவில் நின்று கூப்பிடுவாளே, அதே குரலில் “ராமசுப்பு!” என்றாள். நாங்கள் காத்திருந்தோம். மெட்ராஸில் நீங்கள் நாலு பேரும் காத்திருந்தீர்களே, அதே போல. இன்னொரு முறை கூப்பிட்டாள். அப்புறம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மார்க் குவியல் சத்தத்தைத் தின்கிறதோ, அந்தக் கெட்ட காற்று தின்கிறதோ, எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதுகிறேன், பார்த்துக்கொள். உன் ஐந்தாவது வாத்தியக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார், அய்யா.

நாம் ஒரு பேரம் பேசிக்கொள்வோம். நட்சத்திரத்தை நான் விட்டுக்கொடுக்கிறேன். ஏழையும் எடுத்துக்கொள், முதலில் பார்த்த அந்த ஒன்றையும் எடுத்துக்கொள். பசி மயக்கம் என்று நீ ஊருக்கே சொல்லலாம். மெட்ராஸில் கைதட்டினவர்களைக் கூப்பிட்டு, எங்கள் சித்தப்பா ஒரு புளுகர் என்று சொல். நான் மறுத்துப் பேச மாட்டேன். அதற்குப் பதிலாக விளக்கை மட்டும் நம்பு.

வராதே என்று சொல்லவில்லை. வாருங்கள், நாலு பேரும் வாருங்கள். கிணற்று மேட்டில் நாலு மூலையில் உட்கார்ந்து மேலேயிருந்து வாசியுங்கள். நிழலுக்கு நான் பந்தல் போடுகிறேன். மைக் வைக்க மாட்டேன், குழாயையும் இறக்கிவிடுகிறேன். ஆனால் வாசிக்குமுன் விளக்கை நீயே ஏற்றி நீயே இறக்கு. உன் பெயரை நீயே கூப்பிடு. சுடர் அடிவரைக்கும் எரிந்து, பாதிப் பெயரும் திரும்பி வந்தால், வடத்தை நானே பிடிக்கிறேன், இறங்கு.

தபாலில் சேர்க்குமுன் இந்தக் கடிதம் முழுவதையும் உன் சித்திக்குப் படித்துக் காட்டினேன். கலெக்டரைத் தாசில்தாராக்குகிறவள், எங்கே கூட்டிச் சொல்லியிருக்கிறேன் என்று பிடிப்பாள், அதை அடித்துவிட்டு அனுப்பலாம் என்றுதான் படித்தேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“இந்த ஒரு தடவ நீங்க கொறச்சுத்தான் எழுதியிருக்கீக.”